அரிசிக் கொத்தும் பற்றுச்சீட்டும்

இரத்தினபுரியிலிருந்து பதுளை நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையிலே, மலைகள் நெருங்கி உயரத் தொடங்கும் இடத்தில் அமைந்திருப்பது பலாங்கொடை நகரம். தொல்பொருள் ஆராய்ச்சியாளர் இந்நகரின் பெயரை வரலாற்றுக்கு முற்பட்ட மனிதனின் எலும்புகளோடு சேர்த்துக் கூறுவர். வணிகர் இதனை இரத்தினக் கற்களோடும் தேயிலையோடும் சேர்த்துப் பேசுவர். ஆயின், இதனைச் சூழ்ந்த தோட்டங்களிலே தலைமுறை தலைமுறையாக உழைத்து வந்த தமிழ் மக்களுக்கு இவ்வூரின் வரலாறு வேறொரு பொருளோடு பிணைந்துள்ளது. அப்பொருள் அரிசி. அவர்கள் விளைவித்தது தேயிலை; உண்டது அரிசி. விளைவித்ததைக் கப்பல் கொண்டு சென்றது. உண்டதைக் கப்பல் கொண்டு வந்தது.

கொழும்புத் துறைமுகத்தில் இறங்கிய பர்மா அரிசியும் இந்திய அரிசியும் மலையேறி வந்த வழி நீண்டது. களனிப் பள்ளத்தாக்கின் ஒடுங்கிய இருப்புப்பாதை 1912ஆம் ஆண்டு இரத்தினபுரியை அடைந்தது. 1919ஆம் ஆண்டு ஓப்பநாயக்கவுக்கு நீண்டது. அதற்கப்பால் இருப்புப்பாதை இல்லை. மூடைகள் வண்டி மாறி, சாலை வழியாகப் பலாங்கொடைக்கு ஏறித் தோட்டத்துக் களஞ்சியத்தை அடைந்தன. ஒவ்வொரு கைமாற்றத்திலும் சிறிது சிந்தியது, சிறிது நனைந்தது, சிறிது மறைந்ததும் உண்டு. இக்குறை யாவும் இறுதியிலே யார் தலையில் வந்து விழுந்தது என்பதே சிந்திக்கத்தக்க வினா.

இக்காலத்தில் நுகர்வோர் உரிமை என்னும் சொற்றொடர் எங்கும் பேசப்படுகின்றது. குறைபாடுடைய பொருளை வாங்கியவர் நிறுவனத்திடம் முறையிட, நிறுவனம் செவிசாய்க்க மறுப்பது இந்நாளைய நகர வாழ்க்கையின் தொல்லை என்றே பலரும் எண்ணுகின்றனர். அது முற்றிலும் உண்மையன்று. வாங்கியவன் குறைகூற, விற்றவன் கேளாதிருக்கும் நிலை, சப்பிரகமுவ மலைகளின் லயங்களிலே நூறாண்டுகளுக்கு முன்னரே முழுவடிவில் நிலவியது. அந்நிலை எவ்வாறு உண்டாயிற்று, எவ்வாறு சிறிது சிறிதாகத் தளர்ந்தது என்பதை அறிவது, இன்று முறையிட விரும்புவோருக்கும் பயன்தரும்.

பழைய தோட்டத்தில் அரிசி வாங்குதல் என்பது கடைக்குப் போய்க் காசு கொடுத்துப் பொருள் பெறும் செயலன்று. குறித்த நாளில் களஞ்சியத்து வாயிலில் அரிசி போடப்படும். தொழிலாளர் சாக்கையோ துணியையோ ஏந்தி வரிசையில் நிற்பர். அளந்து கொடுத்த அரிசியின் விலை கணக்கில் எழுதப்படும். சம்பள நாளில் அது கூலியிலே கழிக்கப்படும். கம்பளி, முற்பணம், கங்காணிக்குத் தீர்க்க வேண்டிய கடன் ஆகியனவும் கழிக்கப்பட்டபின் எஞ்சியது ஏதேனும் இருந்தால் அதுவே கையிற் கிடைக்கும். பல தோட்டங்களில் கங்காணியே கடையும் வைத்திருந்தார். அக்கடையிலும் காசு கைமாறுவதில்லை. பற்று எழுதப்படுவதே வழக்கம்.

இம்முறைக்குத் தோட்டத்துரைமார் ஒரு நியாயம் கூறினர். கடைத்தெரு தொலைவில் உள்ளது. மழைக்காலத்தில் பாதை அடைபடும். மொத்தமாக அரிசி வருவித்துக் கொடுப்பதனால் தொழிலாளி பட்டினியின்றி வாழ்கிறான். சந்தையில் விலை ஏறினாலும் தோட்டத்து விலை அவ்வளவு ஏறுவதில்லை என்பர். இதில் உண்மை இல்லாமலில்லை. பஞ்சம் பிழைக்க வந்த மக்களுக்கு, அடுத்த வாரத்து அரிசி நிச்சயம் என்பது சிறிய ஆறுதலன்று. ஆயினும் இந்த ஏற்பாட்டின் உள்ளே ஒரு பெருங்குறை இருந்தது. வேலை கொடுத்தவரும், அரிசி விற்றவரும், கடன் கொடுத்தவரும், கணக்கெழுதியவரும் ஒரே தரப்பினர். அளக்கும் படி அவர்களுடையது. அளவில் ஐயம் வந்தால் தீர்ப்புக் கூறும் வாயும் அவர்களுடையதே.

படியைத் தலைதட்டி அளந்தார்களா, சற்றே சரித்து அளந்தார்களா, அரிசியில் கல்லும் பூச்சியும் இருந்தனவா, வாங்காத அரிசிக்குப் பற்று எழுதப்பட்டதா என்று கேட்க விரும்பிய தொழிலாளி யாரிடம் போவது? கங்காணியிடம் சொன்னால் கணக்கப்பிள்ளையைக் கேட்கச் சொல்வார். கணக்கப்பிள்ளை ஏட்டைக் காட்டுவார். அதனைப் படிக்கத் தொழிலாளிக்கு எழுத்தறிவில்லை. துரையை நேரே அணுகுவது எளிதன்று. அணுகினாலும், அவர் பேச்சை இவர் அறியார். இவர் பேச்சை அவர் அரைகுறையாகவே அறிவார். இடையில் நின்று மொழிபெயர்ப்பவர் பெரும்பாலும் யார்மீது முறைப்பாடோ அவரே!

சட்டப் புத்தகத்தில் நீதி இல்லாமற் போகவில்லை என்பதுதான் வியப்பு. பொருள் விற்பனை பற்றிய இலங்கைச் சட்டம் 1896ஆம் ஆண்டிலேயே 11ஆம் இலக்கச் சட்டமாக நிறைவேறியது. விவரித்துக் கூறி விற்ற பொருள் அவ்விவரத்துக்கு ஒத்திருத்தல் வேண்டும். மாதிரி காட்டி விற்ற பொருள் அம்மாதிரிக்கு ஒத்திருத்தல் வேண்டும் என்பன அச்சட்டத்திற் காணும் நெறிகள். இந்நெறி பலாங்கொடைத் தேயிலைக்கும் பயன்பட்டது. கொழும்பில் 1883ஆம் ஆண்டு தேயிலை ஏலம் தொடங்கியது. அங்கும் இலண்டனிலும் வணிகர் ஏலத்துக்கு முன்னரே மாதிரியை வருவித்து, நீரிலிட்டு, நாவில் வைத்துச் சுவைத்துப் பார்த்தனர். பிடித்தால் விலை கூறினர், பிடிக்காவிடில் ஒதுக்கினர். ஆனால் அத்தேயிலையைக் கொய்த பெண், தனக்கு அளந்த அரிசியில் ஒரு பிடியை மோந்து பார்த்து, இது வேண்டாம் என்று கூற இயலவில்லை. உரிமை இருவருக்கும் ஒன்றே; அதனைச் செலுத்தும் வழி ஒருவருக்கே திறந்திருந்தது.

இத்தகைய நிலை இலங்கைக்கு மட்டும் உரியதன்று. கைத்தொழிற் புரட்சிக் காலத்து இங்கிலாந்திலும் சுரங்க முதலாளிகளும் ஆலை முதலாளிகளும் தம் கடையிலேயே பொருள் வாங்குமாறு தொழிலாளரை நெருக்கினர். கூலியைக் காசாகக் கொடாமற் பண்டமாகக் கொடுத்தனர். அதனைத் தடுக்க 1831ஆம் ஆண்டு பிரித்தானியப் பாராளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. 1887, 1896ஆம் ஆண்டுகளில் அது மேலும் வலுப்பெற்றது. மக்கள் சட்டத்தை மட்டும் நம்பியிருக்கவில்லை. 1844ஆம் ஆண்டு டிசம்பர் 21ஆம் நாள் ரொச்டேல் என்னும் நெசவு நகரில் இருபத்தெட்டுப் பேர் தம் சிறு சேமிப்பைத் திரட்டிக் கூட்டுறவுக் கடையொன்றைத் திறந்தனர். வெண்ணெய், சீனி, மா, ஓட்ஸ் மா, மெழுகுவர்த்தி ஆகிய சிலவே அங்கு இருந்தன. ஆனால் கலப்படமில்லை, நிறையில் வஞ்சனையில்லை. வாங்குவோரே கடைக்கும் உடையவராயினமையின், முறைப்பாட்டைக் கேளாதிருப்பதற்கு அங்கு ஒருவரும் இல்லை.

இலங்கைத் தோட்டங்களில் மாற்றம் இவ்வாறு ஒரே நாளில் வரவில்லை. முதலில் தளரவேண்டியிருந்தது கடன் என்னும் தளை. கடன்பட்ட தொழிலாளியை மற்றொரு தோட்டம் ஏற்க விரும்பினால், அவன் கடனைத் தீர்த்தே அழைத்துச்செல்ல வேண்டும் என்னும் வழக்கம் இருந்தது. அதற்குரிய சீட்டுக்குத் ‘துண்டு’ என்று பெயர். துண்டோடு தொழிலாளியும் அவன் குடும்பமும் கைமாறினர். கைமாறுந்தோறும் கடன் வளர்ந்தது. 1921ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டம் இத்துண்டு முறையைத் தடைசெய்தது. கடையை விட்டுப் போக முடியாதவன் கடைக்காரரிடம் குறைகூற முடியாது. ஆகவே துண்டு ஒழிந்தமை, தொழிற்சட்ட வரலாற்றில் மட்டுமன்றி நுகர்வோர் வரலாற்றிலும் குறிக்கத்தக்க நிகழ்ச்சியாகும்.

அடுத்து வேண்டியது, தோட்டத்துக்கு வெளியே ஒரு செவி. 1923ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டத்தின் பயனாக இந்தியத் தொழிலாளரின் நலன்களைக் கவனிக்கும் அரசாங்க அலுவலகம் இலங்கையில் உருவாயிற்று. அவ்வாண்டிலேயே இந்திய அரசாங்கத்தின் முகவர் ஒருவர் கண்டியில் அமர்த்தப்பட்டார். பிற்காலத்தில் சுதந்திர இந்தியாவின் முதலாவது வெளிநாட்டுச் செயலாளராக விளங்கிய கே. பி. எஸ். மேனன் இப்பதவியை வகித்தவர்களுள் ஒருவர். முகவர் தோட்டங்களைப் பார்வையிட்டார், முறைப்பாடுகளைக் கேட்டார், ஆண்டுதோறும் அறிக்கை எழுதினார். அவர் கையில் தண்டிக்கும் அதிகாரம் இல்லை. எனினும், களஞ்சியத்து வாயிலில் நிகழ்ந்தது ஓர் அறிக்கையில் எழுத்தாகக் கூடும் என்னும் எண்ணமே அளப்பவர் கையைச் சற்று நேராக்கியிருக்கும்.

மூன்றாவதாக வந்தது விலைக்கு ஒரு வரம்பு. 1927ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கக் குறைந்தபட்சச் சம்பளச் சட்டத்தின்கீழ் 1929ஆம் ஆண்டு கூலி வீதங்கள் நடைமுறைக்கு வந்தன. உயர்ந்த மலைப்பகுதியில் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், சிறுவருக்கு 32 சதம் என நாட்கூலி விதிக்கப்பட்டது. நடுப்பகுதிக்கும் தாழ்ந்த பகுதிக்கும் வீதம் சற்றுக் குறைவு. அதனோடு, தோட்டம் கொடுக்கும் அரிசியின் விலை புசல் ஒன்றுக்கு 6 ரூபா 40 சதத்துக்கு மேற்படலாகாது என்றும் வரையறுக்கப்பட்டது. கூலியைப் பற்றிய சட்டத்தில் அரிசி விலை ஏன் வந்தது என்று சிலர் வினவலாம். ஒரு கையால் கொடுத்த கூலியை மறு கையால் விலையாக எடுத்துக்கொள்ள இயலுமாயின், கூலிச் சட்டம் வெறும் காகிதமாகும். சட்டமியற்றியோர் அதனை உணர்ந்திருந்தனர்.

இக்கணக்கைச் சற்று விரித்துப் பார்ப்பின் அக்கால வாழ்வு கண்முன் நிற்கும். புசல் ஒன்று 32 கொத்து. எனவே கொத்தின் விலை 20 சதம். பெண்ணொருத்தி நாள் முழுதும் கொழுந்து பறித்துப் பெற்ற 43 சதம், இரண்டு கொத்துக்குச் சற்றே அதிகம். அரைப் புசலாகிய 16 கொத்து அரிசியை ஒரு குடும்பம் வாங்கியதாகக் கொள்வோம். கொத்து ஒவ்வொன்றிலும் அரைச் சுண்டு குறைந்தது என்றும் வைத்துக்கொள்வோம். நாலு சுண்டு ஒரு கொத்து ஆகையால், மொத்தக் குறை எட்டுச் சுண்டு, அதாவது இரண்டு கொத்து. அதன் விலை 40 சதம். கண்ணுக்குப் புலப்படாத அந்த அரைச் சுண்டு, ஒரு பெண்ணின் ஏறக்குறைய ஒரு நாள் உழைப்பு முழுவதையும் விழுங்கிவிடும். விலைக்கு வரம்பிட்ட சட்டம் இவ்வாறு அளவின் வழியாகத் தோற்கடிக்கப்படலாம். படியைச் சரிபார்ப்பதற்கு ஆள் இல்லாத இடத்தில் விலைப் பட்டியலால் மட்டும் பயன் விளையாது.

இக்குறைகளை ஊரறியச் செய்தவர்களுள் முதன்மையானவர் கோ. நடேசய்யர். தஞ்சை மாவட்டத்திலிருந்து இலங்கைக்கு வந்த அவர், ‘தேசபக்தன்’ என்னும் பத்திரிகையை நடத்தித் தோட்டத் தொழிலாளரின் நிலையை எழுதினார், சட்டசபையிலும் பேசினார், 1931ஆம் ஆண்டு தோட்டத் தொழிலாளருக்கென ஒரு சம்மேளனத்தை அமைத்தார். அந்நியர் தோட்டத்துக்குள் நுழைவது குற்றமாகக் கருதப்பட்ட காலம் அது. புடவை வியாபாரியாக வேடம் பூண்டு அவர் லயங்களுக்குள் சென்று நிலைமையைக் கண்டறிந்தார் என்பது மலையகத்தில் வழங்கிவரும் செய்தி. இச்செய்தியில் ஆழ்ந்த பொருள் உண்டு. தொழிலாளரின் குறையைக் கேட்க விரும்பியவர்க்கு வாசல் அடைபட்டிருந்தது; தலையிலே மூட்டை சுமந்த வியாபாரிக்கு மட்டும் அது சிறிது திறந்தது.

1930களின் பொருளாதார மந்தத்தில் அரிசி விலையையும் குறைத்துக் கூலியையும் குறைத்தபோது, இரண்டும் ஒரே கயிற்றின் இரு முனைகள் என்பதைத் தொழிலாளர் நன்கறிந்தனர். 1935ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டமும் அதன் பின்னர் எழுந்த சங்கங்களும் புதியதொரு வலிமையைத் தந்தன. தனியொருவன் கூறினால் முணுமுணுப்பு. தலைவர் கையொப்பமிட்டுத் துரைக்கு அனுப்பினால் அது கடிதம். கடிதத்துக்கு விடை எழுதியே ஆகவேண்டும். எழுதிய விடை ஒரு சான்றாக நிலைபெறும்.

இரண்டாம் உலகப்போர் மற்றொரு மாறுதலைக் கொணர்ந்தது. 1942ஆம் ஆண்டு பர்மா யப்பானியர் வசமாயிற்று. அரிசிக் கப்பல்கள் நின்றன. இலங்கையில் பங்கீட்டு முறை வந்தது. ஒருவருக்கு உரிய அளவு, அரசாங்கம் கொடுத்த கூப்பனில் அச்சாகி அவரவர் வீட்டுக்கு வந்தது. கணக்கு இதுவரை களஞ்சியத்து ஏட்டிலே இருந்தது. இப்பொழுது அதில் ஒரு பகுதி லயத்துக் காம்பிராவின் தகரப் பெட்டிக்குள் வந்து சேர்ந்தது. அரிசியின் விலை நாட்டையே அசைக்கவல்லது என்பதை 1953ஆம் ஆண்டு உணர்த்தியது. கொத்து 25 சதமாயிருந்த பங்கீட்டு அரிசி 70 சதமாக உயர்த்தப்பட்டது. ஆகஸ்ட் 12ஆம் நாள் ஹர்த்தால் நிகழ்ந்தது. அவ்வாண்டிலேயே பிரதமர் டட்லி சேனாநாயக்க பதவி துறந்தார்.

எனினும், வாக்குரிமை உடையவரின் முறைப்பாட்டுக்கும் அஃதற்றவரின் முறைப்பாட்டுக்கும் வேற்றுமை பெரிது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் தோட்ட மக்களிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. அடுத்த ஆண்டு வாக்குரிமையும் போயிற்று. 1973, 1974ஆம் ஆண்டுகளில் உணவுத் தட்டுப்பாடு கடுமையானபோது, வயலும் இல்லாது வாக்கும் இல்லாது நின்ற தோட்டங்களிலே பசி மிகக் கொடியதாயிற்று. குரல் எழுப்பியும் கேட்கும் கடமை எவருக்கும் இல்லையெனில் விளைவு எத்தகையதாகும் என்பதற்கு அவ்வாண்டுகளே சான்று.

பின்னர் வந்த மாறுதல்களைச் சுருக்கமாகக் கூறலாம். 1975ஆம் ஆண்டு கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992ஆம் ஆண்டு அவற்றின் நிர்வாகம் பிரதேசப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் கொடுக்கப்பட்டது. 1979ஆம் ஆண்டு பங்கீட்டு அரிசிக்குப் பதிலாக உணவு முத்திரை வந்தது; அவ்வாண்டின் 1ஆம் இலக்கச் சட்டமாக நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும் வந்தது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் அதனை நீக்கி, நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையை நிறுவியது. அதே 2003ஆம் ஆண்டில்தான், 35ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம், எஞ்சியிருந்த இந்திய வம்சாவளி மக்களுக்குக் குடியுரிமை வழங்கப்பட்டது. குடிமகன் என்னும் உரிமையும், வாங்குபவன் என்னும் உரிமையும் ஒரே ஆண்டிலே சட்டப் புத்தகத்தில் அடுத்தடுத்து இடம்பெற்றமை தற்செயலாயினும் பொருத்தமானதே.

இன்று பலாங்கொடைக் கடைத்தெருவில் தோட்டத்துக் குடும்பங்கள் தொலைபேசியும் தையற்பொறியும் குளிர்சாதனப் பெட்டியும் தவணை முறையில் வாங்குகின்றன. பொருள் பழுதானால் என்ன நிகழ்கிறது? கிளையிற் கேட்டால் தலைமையகத்தைக் கேட்கச் சொல்கின்றனர். தலைமையகத்தில் கேட்டால் திருத்தும் நிலையத்துக்கு அனுப்புகின்றனர். அங்கே, பொருளைத் தவறாகக் கையாண்டீர்கள் என்று விடை வருகின்றது. கங்காணி, கணக்கப்பிள்ளை, துரை என்று அலைந்த பழைய நடையே இது. படிக்கட்டு மட்டும் பளிங்காலானது. வாங்கியவர் களைத்துத் திரும்பிவிடுவார் என்பதே அன்றும் இன்றும் விற்றவரின் நம்பிக்கை.

ஆயின் அன்று இல்லாத வழிகள் இன்று உண்டு. கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுப்பது வணிகரின் கடமை. பொருள் உத்தரவாதத்துக்கு மாறாயிருப்பின், விற்பனை நடந்து மூன்று மாதத்துக்குள் அதிகார சபைக்கு எழுத்து மூலம் முறையிடலாம். சபை இரு தரப்பையும் விசாரித்து, நட்டஈடு கொடுக்கவோ, மாற்றுப் பொருள் கொடுக்கவோ, பணத்தைத் திருப்பவோ கட்டளையிடலாம். சிறு பிணக்குகளைத் தீர்ப்பதற்கு 1988ஆம் ஆண்டின் சட்டப்படி அமைந்த மத்தியஸ்த சபைகளும் உள்ளன. சிங்களம் நிர்வாக மொழியாயுள்ள சப்பிரகமுவவிலும் அரச அலுவலரோடு தமிழில் எழுதித் தமிழிலே விடைபெறும் உரிமையை அரசியலமைப்பு வழங்குகின்றது. இவ்வழிகளுள் எதுவும் தானாக நடக்காது. வாய்மொழியாகக் கேட்டதை விடுத்துத் திகதியிட்டு எழுதுதல், எழுதியதற்குப் படி வைத்தல், மூன்று மாத எல்லையை நிறுவனத்தின் சாக்குப்போக்குகளில் கழியவிடாதிருத்தல் ஆகியன வாங்கியவரின் பங்கு.

பழைய தோட்டங்களிலே ஒரு தொழிலாளியை விலக்கும்போது கொடுக்கப்பட்ட சீட்டுக்கும் பற்றுச்சீட்டு என்றே பெயர். மக்கள் நாவில் அது பத்துச்சீட்டு. அச்சீட்டு இல்லாதவனை வேறு தோட்டம் ஏற்காது. அச்சீட்டைப் பெற்றவனுக்கு இருந்த இடமும் இல்லை. குறைகூறத் துணிந்தவனை வாயடைக்க அதன் பெயரே போதுமானதாயிருந்தது. இன்று அதே சொல், விலை கொடுத்ததற்கு அத்தாட்சியாகக் கடையில் கொடுக்கும் சிறு காகிதத்தைக் குறிக்கின்றது. அன்று துரையின் கையிலிருந்த சீட்டு இன்று வாங்குபவரின் கைக்கு வந்துள்ளது. பாட்டனாரை அஞ்ச வைத்த அச்சொல்லைப் பேத்தி அச்சமின்றிக் கடைக்காரரிடம் கேட்டுப் பெறுகின்றாள். பெற்ற காகிதத்தை வழியில் எறியாது, பாட்டனார் கூப்பன் வைத்த அதே தகரப் பெட்டியில் அவள் வைப்பாளாயின், அரைச் சுண்டுக்காக நாவடங்கி நின்ற முன்னோரின் முறைப்பாடு நூறாண்டு கடந்தேனும் ஏற்கப்பட்டதாகும்.